‘வெக்கமா இல்ல உனக்கு?’ என்று கேட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு

கேள்வி: எனக்கு வயது 36. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. கணவர், ஆறு வயது மகன், சொந்த வீடு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. எனக்கு ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார், கடனை அடைக்க அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனார், நான் மன்னார்குடிப் பக்கம் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். அங்கே பன்னிரண்டு வயது வரை ராத்திரி பாயிலேயே மூத்திரம் போய்விடுவேன் (அம்மா கூட இருந்தவரை எப்போதாவதுதான், அவர் போன பிறகு அநேகமாகத் தினமும்). பெரியம்மா அந்த ஈரப் பாயைச் சுருட்டி என் தலையில் வைத்து, தெருக்கோடி வரை நடந்துவிட்டு வரச் சொல்வார். ‘வெக்கமா இல்ல உனக்கு?’ என்று தினமும் கேட்பார். அண்ணன்கள் எனக்கு ‘ஊத்து’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் பெரியம்மா கரண்டியைக் காய்ச்சித் தொடைப்பக்கம் கொண்டுவந்தார், வைக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஒருநாள்கூட அப்படி ஆனதில்லை. ஆனாலும் இன்றைக்கும் மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டேன். விடியற்காலை விழித்ததும் கை தானாகப் படுக்கையைத் தடவிப் பார்க்கும். கல்யாண வீட்டில் ராத்திரி தங்க நேர்ந்தால் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினால் எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கும். கணவருக்கு இதெல்லாம் தெரியாது. போன மாதம் என் மகன் மூன்று நாள் தொடர்ந்து படுக்கையை நனைத்தான். மூன்றாம் நாள் நான் அவனைப் பார்த்து ‘வெக்கமா இல்ல உனக்கு?’ என்று கத்திவிட்டேன். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெரியம்மா இப்போது படுத்த படுக்கை. வளர்த்த கடனுக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ என்று ஊரில் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் மூன்று பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த மூன்று பக்கத்தில் நான்கு இடங்களில் “இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். தப்பான தொடுதல் எதுவும் இல்லை, பட்டினி போடவில்லை, படிக்க வைத்தார்கள், அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதானே என்றும் ஒரு வரி. சரி, எல்லா வீட்டிலும் நடந்ததுதான். அம்மைகூடத்தான் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் போட்டது, அதற்காகத் தழும்பு விழாமலா போனது?

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், அவமானப்படுத்துவது, இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுவது மாதிரியான மனரீதியான கொடுமையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் சான் டியாகோவில் 17,000-க்கும் அதிகமான பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டு, 1998-இல் முதல் முடிவுகள் வெளியான ஆய்வைப் பற்றி நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் மனநோயும் உடல்நோயும் கூடுவதைக் காட்டிய ஆய்வு. அதிலிருந்து உருவாகி இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பத்துக் கேள்விப் பட்டியலில் முதல் கேள்வி என்ன தெரியுமா? வீட்டில் ஒரு பெரியவர் உங்களை அடிக்கடி திட்டினாரா, மட்டம் தட்டினாரா, அவமானப்படுத்தினாரா என்பதுதான். அடி, பாலியல் கொடுமை எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆக, பெரிய விஷயம்தான். ஐந்தாவது தடவை அந்த வரியை எழுத வேண்டாம்.

இனி உடம்புச் சமாச்சாரம். இதை முன்னாலேயே பேசிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் வெட்கம் மொத்தமும் ஒரு தப்பான தகவலின் மேல் நிற்கிறது. நீங்கள் சோம்பல்பட்டு, எழுந்திருக்க மனமில்லாமல், படுத்துக்கொண்டே போனீர்கள் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். அவர்களை விடுங்கள், நீங்களே இன்றுவரை பாதி நம்புகிறீர்கள். தூங்குகிற குழந்தைக்கு அது தெரியவே தெரியாது. சிறுநீர்ப்பை நிரம்பினால் மூளை தூக்கத்தைக் கலைத்து எழுப்பிவிட வேண்டும், சில பிள்ளைகளுக்கு அந்த எழுப்புகிற வேலை பழகுவதற்கு வருஷக்கணக்கில் ஆகும். ராத்திரியில் சிறுநீர் குறைவாகச் சேர வேண்டும் என்பதற்காக வாசோபிரசின் என்றொரு ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும், சிலருக்கு அது போதிய அளவு கூடுவதில்லை. சிலருக்குப் பை கொள்ளும் அளவே குறைச்சல். மலச்சிக்கல் இருந்தால் அதுவும் சேர்ந்துகொண்டு அழுத்தும். இதில் எந்த இடத்தில் ரோஷத்துக்கும் வெட்கத்துக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள். கரண்டியைக் காய்ச்சிக் காட்டுகிற வைத்தியம் எங்கள் பக்கமும் உண்டு, அதைப் பார்த்துப் பயந்து எந்தப் பிள்ளையின் ஹார்மோனும் கூடியதில்லை.

ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் ராத்திரியில் படுக்கையை நனைப்பவர்கள்தான். ஒரு யு.கே.ஜி. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் ஐந்தாறு பேர். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடும், கொஞ்சம் பேருக்குப் பத்து, பன்னிரண்டு வயது வரை இழுக்கும். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர் நீங்கள். இது வழிவழியாகவும் வரும்: பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 44 சதவீதம்போல வாய்ப்பு, இருவருக்கும் இருந்திருந்தால் 77. யாராவது கேட்டிருந்தால், உங்கள் அப்பாவோ தாத்தாவோ எத்தனை வயது வரை பாயை நனைத்தார் என்று அந்தத் தெருவிலேயே ஒரு கிழவி சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

அப்புறம், நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிற அந்த வரி. எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதுதான் பெரிய வரி. அம்மா இருந்தவரை எப்போதாவது, போன பிறகு தினமும். ஏழு வயதுப் பெண் ஒரே வருஷத்தில் அப்பாவைச் சுடுகாட்டுக்கும் அம்மாவை விமானத்துக்கும் அனுப்பிவிட்டு, அடுத்தவர் வீட்டில், ஐந்தாவது பிள்ளையாகப் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். பெரிய இழப்பு, வீடு மாறுவது, அம்மாவைப் பிரிவது, இதெல்லாம் நின்றுபோன பழக்கத்தையே மறுபடி கொண்டுவரும், உங்களுக்கோ அது முழுசாக நிற்கவே இல்லை. அந்த வீட்டில் உங்களால் அழ முடிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா எப்போது வருவார் என்று கேட்டதாகவும் எழுதவில்லை. என் கணிப்பு, கேட்டிருக்க மாட்டீர்கள். துக்கத்தில் இருந்த ஒரு பிள்ளைக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள், அந்தத் தண்டனையைத்தான் அந்தப் பிள்ளை தன் குணம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

ஏன் எடுத்துக்கொண்டது? இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

“வெக்கமா இல்ல உனக்கு?” என்கிற கேள்வியைப் பாருங்கள். இருக்கிறது என்றால் நீ கேவலமானவள். இல்லை என்றால் வெட்கங்கெட்டவள். எந்தப் பதில் சொன்னாலும் தோற்கிற மாதிரியே செய்துவைத்த கேள்வி, அதை நாம் சர்வசாதாரணமாகக் குழந்தைகளிடம் கேட்கிறோம். ஜட்டி போடாமல் ஓடுகிற இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து “ஷேம் ஷேம் பப்பி ஷேம்” என்று கைதட்டிச் சிரிக்கிறோம். (அந்தப் பாட்டை எவன் கண்டுபிடித்தானோ, ஒருநாள் அவனிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.) கேள்வி கேட்டவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. பிள்ளை குறுக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

குற்றவுணர்ச்சியும் வெட்கமும் ஒன்று என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். ஹெலன் பிளாக் லூயிஸ் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1971-இலேயே இரண்டையும் பிரித்துக் காட்டினார். குற்றவுணர்ச்சி செய்த காரியத்தைப் பற்றியது, வெட்கம் ஆளைப் பற்றியது. தட்டை உடைத்துவிட்டேன் என்பது ஒன்று, நான் ஒரு தண்டம் என்பது வேறு. முதலாவதற்குப் பரிகாரம் இருக்கிறது, மன்னிப்புக் கேட்கலாம், புதுத் தட்டு வாங்கி வைக்கலாம். நானே தப்பு என்று ஆகிவிட்டால் எதைத் திருத்துவது? ஒளிந்துகொள்ளத்தான் முடியும். நீங்கள் இத்தனை வருஷமாக ஒளிந்துகொண்டுதான் இருக்கிறீர்கள், பாங்க் கவுண்டருக்குப் பின்னால், கல்யாண மண்டபத்து நாற்காலியில், ஆறு மணிக்கு மூடிவைத்த தண்ணீர்ச் செம்புக்குப் பின்னால்.

எடின்பரோவில் ரொனால்ட் ஃபேர்பேர்ன் என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். வீட்டில் கொடுமைக்கு ஆளான குழந்தைகளோடு நிறைய வேலை பார்த்தவர். அந்தப் பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மாவை மோசமானவர்கள் என்று ஒப்புக்கொள்ளவே மறுப்பதையும், தாங்கள்தான் மோசம் என்று சட்டென்று ஒப்புக்கொள்வதையும் கவனித்து 1943-இல் எழுதினார். யோசித்துப் பார்த்தால் அது ஒரு புத்திசாலித்தனமான கணக்கு. ஏழு வயதில் உங்களுக்குச் சோறு, பாய், கூரை எல்லாம் பெரியம்மா. அவர் அநியாயக்காரர் என்றால் உங்களுக்குப் போக்கிடம் இல்லை, அம்மா கடல் தாண்டி இருக்கிறார். நான்தான் அசிங்கம் என்றால்? அப்போது ஒரு நம்பிக்கை மிஞ்சுகிறது: நான் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். தண்ணீர் குடிக்காமல் இருந்தால், தூங்காமல் இருந்தால், நல்ல மார்க் வாங்கினால். அந்தச் சிறுமி உயிர்பிழைக்கப் பிடித்துக்கொண்ட கயிறு அது. முட்டாள்தனம் இல்லை. சிக்கல் என்னவென்றால், கரை ஏறி இருபத்துநாலு வருஷம் ஆன பிறகும் கயிற்றை விடவில்லை.

கூனிக் குறுகிப் போனேன் என்று சொல்கிறோமே, அதில் மிகை எதுவும் கிடையாது. தலை தாழ்கிறது, தோள் உள்ளே மடங்குகிறது, கண் தரையைப் பார்க்கிறது, குரல் அடைக்கிறது. பலமானவர் முன்னால் பலவீனமானவர், ‘நான் எதிர்க்கவில்லை, அடிக்காதே’ என்று உடம்பால் சொல்கிற பழைய சைகை அது என்கிறார் பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட். இந்த மாதிரி ஊறிப்போன வெட்கத்துக்கென்றே, தன்மேல் கருணை பழகுவதை மையமாக வைத்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியவர். மேனேஜர் பாராட்டும்போது உங்களுக்கு ஏன் ஓடத் தோன்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தெருவில் நீங்கள் பாயோடு நடக்கும்போது அத்தனை கண்ணும் உங்கள் மேல்தானே இருந்தது. கான்ஃபரன்ஸ் ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டும்போதும் அத்தனை கண்ணும் உங்கள் மேல். எதற்காகப் பார்க்கிறார்கள் என்று உங்கள் மூளைக்குத் தெரிகிறது, முதுகுத்தண்டுக்குத் தெரியவில்லை.

இப்போது மகன். பெரியம்மாவைப் பற்றியும் கணவரைப் பற்றியும் யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், முடிந்தால் இன்று ராத்திரியே. அவன் சோறு சாப்பிட்டுப் படுக்கப் போகும் நேரம், விளக்கை அணைத்த பிறகு, பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லுங்கள்: “கண்ணா, அன்னைக்கு அம்மா கத்தினது தப்பு. நீ வேணும்னு செய்யல. தூக்கத்துல எழுப்பிவிட உன் மூளை இன்னும் பழகல, பழகிடும். அம்மாவும் சின்னப் பிள்ளையா இருக்கும்போது இப்படித்தான், பாயை நனைச்சிடுவேன்.”

கடைசி வரியைப் படிக்கும்போதே உங்களுக்கு வயிற்றைப் பிசையும், தெரியும். அதைத்தான் நீங்கள் கணவருக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் யாராலும் தர முடியாத ஆறுதல் அது, உங்களால் மட்டும்தான் தர முடியும். பெரும்பாலும் அவன் எழுந்து உட்கார்ந்து “நீயுமா?!” என்று சிரிப்பான். பயப்படாதீர்கள், அது அண்ணன்கள் சிரித்த சிரிப்பு இல்லை. துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். “எப்ப நின்னுச்சு?” என்று கேட்பான், உண்மையான வயதைச் சொல்லுங்கள். “திட்டுனாங்களா?” என்று கேட்டால், “ஆமா, திட்டினாங்க, அது தப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். பாய், தெரு, கரண்டி எல்லாம் அவனுக்கு வேண்டாம். அது பெரியவர்கள் சுமக்க வேண்டிய கதை.

இதுவரை காய்ந்தே இருந்தவன், ஆறு மாதத்துக்கு மேல் ஒழுங்காக இருந்தவன், திடீரென்று மூன்று நாள் நனைக்கிறான் என்றால் குழந்தைகள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் கேட்பது, இளைப்பது, சிறுநீர் போகும்போது எரிச்சல், பகலிலும் நனைப்பது, பலத்த குறட்டை, மலச்சிக்கல், இதில் எது இருந்தாலும் உடனே. சர்க்கரைப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் சொல்வார்கள். பள்ளியில் ஏதாவது நடக்கிறதா என்றும் மெல்லக் கேளுங்கள், பாத்ரூம் போக விடாத டீச்சர், புதிதாக வம்புக்கு இழுக்கும் பையன், அந்த மாதிரி. மற்றபடி எப்போதும் உண்டு என்றால் ஆறு வயதில் பதற வேண்டியதில்லை. தேவைப்பட்டால் ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, அதையெல்லாம் டாக்டர் முடிவு செய்யட்டும்.

“அப்படியென்றால் நானும் பெரியம்மா மாதிரி ஆகிவிட்டேனா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அதே வார்த்தை வந்துவிட்டது, வாய்க்குப் பழகிய வார்த்தை அதுதான், அவசரத்தில் பழகியதுதான் வரும். பெரியம்மா ஐந்து வருஷம் தினமும் கேட்டார். நீங்கள் ஒருமுறை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதீர்கள், அப்புறம் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினீர்கள். கத்தியதற்கு வருத்தப்படுங்கள், அது நியாயமான குற்றவுணர்ச்சி, மேலே சொன்ன மன்னிப்போடு அது முடிந்துவிட வேண்டும். நான் ஒரு மோசமான அம்மா என்று அதை இழுத்தீர்கள் என்றால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள், வெட்கத்தில் குறுகி இருக்கிற அம்மாவால் பிள்ளையை நிமிர்ந்து பார்க்கவும் முடியாது.

கணவரிடம் சொல்வது பற்றி. இந்த வெட்கம் நாலு பேர் முன்னால் உங்கள்மேல் போட்டது. அதனால் தனியாக உட்கார்ந்து யோசித்து யோசித்து அதைக் கழற்ற முடியாது, புத்தகம் படித்தும் முடியாது, இன்னொரு மனுஷர் தெரிந்துகொண்டு, முகம் சுளிக்காமல், பக்கத்திலேயே இருந்தால்தான் அது இளகும். இதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன், மற்றதில் எல்லாம் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்கிற யோசனை, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சொல்லுங்கள் என்பது. அவர் சாலையைப் பார்க்கிறார், நீங்கள் அவர் முதுகைப் பார்க்கிறீர்கள், யார் கண்ணும் யார் மேலும் இல்லை. முழுக்கதையும் வேண்டாம், ஒரே ஒரு வரி: “கல்யாண வீட்டுல நான் ஏன் படுக்க மாட்டேன்னு ஒருநாள் உங்ககிட்ட சொல்லணும், சொல்லும்போது சிரிக்கக் கூடாது.” பாதி ஆண்கள் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி இருக்கிற இரண்டு வரியை வைத்துப் பார்த்தால் சிரிக்கிற ஆளாகத் தெரியவில்லை. ஒருவேளை தெரியாத்தனமாக “அட, இதுக்குப் போயா” என்று சொன்னாலும் சொல்வார், நம் ஆட்கள் ஆறுதலை அப்படித்தான் சொல்லப் பழகியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் அங்கேயே கதவைச் சாத்திவிடாதீர்கள். “இதுக்குத்தான், இது எனக்குப் பெருசு” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அந்தச் சிறுமியைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கண்ணை மூடி, பாயைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கிற ஏழு வயதுப் பெண்ணைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? பாவமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். அனுபவத்தில் நான் பார்த்தது வேறு. பலருக்கு எரிச்சல் வரும். எழுந்து போயிருக்கலாம் இல்லையா, எவ்வளவு பேச்சு வாங்கியும் ஏன் உறைக்கவில்லை, என்று பெரியம்மாவின் குரலிலேயே அந்தப் பிள்ளையைத் திட்டத் தோன்றும். வந்தால் வரட்டும், அதற்கும் வெட்கப்பட வேண்டாம். அப்போது அந்த இடத்தில் உங்கள் மகனை வைத்துப் பாருங்கள். அதே பாய், அதே தெரு, அதே ஆறேழு வயது. இப்போது 36 வயதான நீங்கள் அந்தத் தெருவுக்குள் நடந்து போனால் என்ன செய்வீர்கள்? முதலில் பாயை வாங்கிக் கீழே வைப்பீர்களா, பிள்ளையைத் தூக்குவீர்களா, பெரியம்மாவிடம் போய் நாலு வார்த்தை கேட்பீர்களா? அவனுக்குச் செய்வதை அவளுக்கும் செய்து பாருங்கள், மனசுக்குள்தான். இது விளையாட்டு இல்லை, சிகிச்சையிலேயே முறையாகச் செய்கிற ஒன்று. அதனாலேயே ஒரு எச்சரிக்கை: தனியாகச் செய்யும்போது மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது, அந்த நாளே திரும்ப வந்த மாதிரி இருக்கிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு எழுந்து முகம் கழுவுங்கள். அதை ஒரு ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது செய்துகொள்ளலாம்.

தண்ணீர் விஷயம் சின்னது, ஆனால் அதிலிருந்தும் தொடங்கலாம். இந்த வாரம் ஆறு மணிக்குப் பதில் ஏழு மணிக்கு ஒரு டம்ளர். அடுத்த வாரம் எட்டு மணிக்கு. பதட்டமாகத்தான் இருக்கும், காலையில் கை படுக்கையைத் தடவும், தடவட்டும். காய்ந்திருக்கிறது என்பதை அந்தக் கை ஒவ்வொரு நாளும் தெரிந்துகொள்ளட்டும்.

பெரியம்மா. ஊரில் சொல்கிற “வளர்த்த கடன்” என்கிற வார்த்தை உங்களைப் போட்டு அழுத்துகிறது. அவர் சோறு போட்டது உண்மை. ஏற்கெனவே நாலு பிள்ளை, கூட ஒன்று, தினமும் ஒரு பாய் துவைக்க வேண்டும், தண்ணீர் எங்கிருந்தோ இறைத்துக்கொண்டு வர வேண்டும், அந்த அம்மாவுக்கும் அலுப்பு இருந்திருக்கும். அவர் செய்தது கொடுமை என்பதும் உண்மை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே கையால் நடந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க வேண்டியதில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், உங்களைப் போல ஒருவரிடம், இரண்டாவது சந்திப்பிலேயே “மன்னித்துவிடுங்கள், உங்களுக்கே லேசாக இருக்கும்” என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார், திரும்ப வரவே இல்லை. எத்தனையோ பேர் அவரிடம் ஏற்கெனவே சொன்னதைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன் என்பது பின்னால்தான் உறைத்தது. அதனால் உங்களை மன்னிக்கச் சொல்ல மாட்டேன், மன்னிக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். போய்ப் பார்ப்பது வேறு, மன்னிப்பது வேறு. போவதென்றால் கணவரிடம் சொன்ன பிறகு, அவரோடு, பகலில், அரைமணி நேரம், ராத்திரி தங்காமல். போய் அங்கே “நீ செய்தது தப்பு” என்று சொல்லி, அவர் ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். “எப்பவோ நடந்தது, எனக்கு ஞாபகமே இல்லையே” என்றுதான் பதில் வரும், அதைத் தாங்கிக்கொள்ளும் நிலையில் நீங்கள் இப்போது இல்லை. போகவில்லை என்றால் மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்றால், ஊர் அன்றைக்கும் அதே தெருவில்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியது, குவைத் போனார் என்பதும் அந்த அடைப்புக்குறி வரியும்தான். இன்றைக்கு அதை இழுக்க வேண்டாம். ஆனால் எப்போதோ ஒருநாள் அங்கேதான் வர வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இதற்கெல்லாம் நேரில் ஒருவர் வேண்டும், என் பதில் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நீண்டகாலத் துன்பத்துக்குப் பிறகு வருகிற சிக்கலான மனஉளைச்சல் நோய் என்று அதில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, நான் தாழ்ந்தவள், தோற்றவள் என்கிற ஆழமான நம்பிக்கையும் தீராத வெட்கமும் அதன் அடையாளங்களில் சேர்த்தி. உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இது மருத்துவ உலகம் பெயர் வைத்து, சிகிச்சை கண்டுபிடித்திருக்கிற ஒன்று என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று போர்டு மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள், பதிவு எண்ணையும் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். சிறுவயது அதிர்ச்சிகளில் பயிற்சி உண்டா என்பது அடுத்த கேள்வி. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறவரும் வேண்டாம், “பெரியவங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க” என்று ஆரம்பிக்கிறவரும் வேண்டாம். பணம் இடைஞ்சல் என்றால் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. நடு ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கடைக்குப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு ரப்பர் ஷீட்டும் இரண்டு பருத்தி விரிப்பும் வாங்குங்கள், என்ன படம் போட்டது வேண்டும் என்று அவனே எடுக்கட்டும். காலையில் நனைந்திருந்தால் அவன் ஒரு முனை, நீங்கள் ஒரு முனை பிடித்து உருவி, அலசி, மொட்டை மாடியில் வெயில் நன்றாக விழுகிற கொடியாகப் பார்த்துப் போட்டுவிட்டு வந்து டிபன் சாப்பிடுங்கள். கணவரிடம் பைக்கில் பேசினீர்களா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.